ஆள் உள்ளே

இரும்புக் கதவைப் பற்றி வீட்டுக்கார அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

“அது தானா சாத்திக்கும், பயந்துடாதீங்க. பழைய கதவு, அதுக்குன்னு ஒரு புத்தி. உள்பக்கம் கைப்பிடி இருக்கு. கீழே அழுத்தினா திறந்துக்கும்.”

“நாங்க வேலையில உக்காந்துட்டா கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னே தெரியாதும்மா” என்றான் லென்ஸ். “சாப்பாடு கூட மறந்துடும்.”

“யாருக்கு மறந்துடும்?” என்றாள் அவன் மனைவி. “பதினோரு மணிக்கே டப்பாவை முகர்ந்து பாக்குற ஆளு.”

வீட்டுக்கார அம்மா சிரித்தார். அறுபது தாண்டிய, ஒல்லியான, தனியாக வாழ்கிற பெண்மணி. கீழ்த்தளத்து விளக்கைப் போட்டுக் காட்டினாரே தவிர, படியிறங்கி வரவில்லை. வெளியே வேலை இருக்கிறது, சாயங்காலம் வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லென்ஸுக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி எந்நேரமும் அவன் நெற்றியில் மூன்றாவது கண் மாதிரி உட்கார்ந்திருக்கும். கப்பல், கட்டடம், எஞ்சின் என்று பழைய மாடல்களைப் பழுது பார்த்து மியூசியங்களுக்குக் கொடுப்பது அவன் தொழில். அவன் மனைவி, அந்த மாடல்களின் மேல் இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் புதுப்பிப்பவள். அரிசியின் மேல் கடிதமே எழுதக்கூடிய கை. அதனால் அவளை ‘எழுத்து’ என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தால் ‘ஏ எழுத்து’. அதிகக் கோபம் வந்தால் கூப்பிடவே மாட்டான்.

படிகள் முடிந்த இடத்தில் அந்த அறை.

ஜன்னல் கிடையாது. கூரையும் சுவரும் தனித்தனியாக இல்லாமல், ஒரு பெரிய பீப்பாயைப் படுக்கப் போட்டு அதற்குள் நுழைந்த மாதிரி, வளைந்து வளைந்து ஒன்றாகவே இறங்கின. ஒற்றை பல்பு. மெஷின் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை, ஈரச் சாம்பலைப் போல.

நடுவில் நீண்ட மேஜை. அதன் மேல் அது நின்றது.

பிரிட்டனில் அந்தக் காலத்தில் சரக்கு இழுத்த நீராவி எஞ்சின். மூன்று ஜோடிச் சக்கரம், கரிய உடம்பு, குட்டையான புகைபோக்கி, பின்னால் நிலக்கரி வண்டி. அளவில்தான் சிறியது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு. மற்றபடி ஒவ்வொரு ஆணியும் நிஜம். டிரைவர் நிற்கும் இடத்தில் மிளகு அளவு மீட்டர்கள். நெருப்பறைக்குப் போகும் கதவுக்குக் கீல் கூட இருந்தது.

“அடேயப்பா” என்றான் லென்ஸ். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். அவனுக்கு அது பூஜை மாதிரி.

கதவு பின்னால் மெல்ல சாத்திக்கொண்டது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை தொடங்கியது. மியூசியம் கொடுத்த பழைய போட்டோக்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். லென்ஸுக்கு இந்தத் தொழிலில் ஒரே சட்டம்தான். போட்டோவில் இருப்பது மாடலில் இருக்க வேண்டும். போட்டோவில் இல்லாதது மாடலில் இருக்கக் கூடாது. யாரோ ஆசைப்பட்டு ஒட்டிய கொடி, பொம்மை டிரைவர், எதுவாக இருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது.

“எழுத்து, இங்க வா. இதைப் பாரேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். நீராவியைத் திறந்துவிடும் நெம்புகோலில், நகக்கண் அளவு சிவப்புத் தகடு ஒன்று கம்பி வளையத்தில் தொங்கியது. அதில் வெள்ளையில் எழுத்து. லென்ஸின் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு படித்தாள்.

ஆள் உள்ளே.

“தமிழ்ல இருக்கு!”

“அதான் சொல்றேன். பிரிட்டன்ல ஓடின வண்டியில தமிழ்ப் பலகை. செஞ்ச மனுஷனுக்கு நக்கல் ஜாஸ்தி.”

“எதுக்குங்க இது?”

“எஞ்சின் ஷெட்ல இருக்கிற வழக்கம். சாம்பலைச் சுரண்ட ஒரு ஆளு அந்தக் கதவு வழியா நெருப்பறைக்குள்ள ஊர்ந்து போவான். போறதுக்கு முன்னாடி இந்த மாதிரி பலகையை நெம்புகோல்ல மாட்டிடுவான். இது தொங்குற வரைக்கும் எவனும் வண்டியை நகர்த்தக் கூடாது, தீ மூட்டக் கூடாது. உள்ள போறவன்தான் மாட்டணும். வெளிய வந்து அவனேதான் எடுக்கணும். வேற ஆளு தொட்டா அடிதடி ஆயிடும்.”

“அப்ப நீங்க தொடாதீங்க.”

“நான் என்ன ஷெட்லயா இருக்கேன்?” சுவரில் இருந்த போட்டோவைத் தட்டிக் காட்டினான். “இதுல இல்ல. ஆகவே வண்டியிலயும் இல்ல.”

“எழுத்து ரொம்ப நல்லா இருக்குங்க. ஒத்தை முடி பிரஷ்ல எழுதியிருக்காரு. பாவம், விடுங்க.”

“உன் ஜாதிக்காரன்னா உடனே பரிதாபம் வந்துடும்” என்று சிரித்தபடி, இடுக்கியால் தகட்டைக் கழற்றி, மற்ற அழுக்குப் பாகங்கள் ஊறிக்கொண்டிருந்த, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் கிண்ணத்தில் போட்டான்.

அவள் சக்கர மறைப்பின் மேல் எண் எழுத உட்கார்ந்தாள். கிண்ணத்தில் சிவப்பு ஒரு புகை மாதிரி கரைந்து பரவியதை யாரும் பார்க்கவில்லை.

டக்.

“அந்த அம்மா வந்துட்டாங்க போல” என்றாள்.

டக். டக்.

லென்ஸ் எழுந்து போய்க் கைப்பிடியை அழுத்தினான். அது எந்தத் தடையும் இல்லாமல் முழுச் சுற்று சுற்றியது. மறுபடி அழுத்தினான். மறுபடி சுற்றியது. பொம்மைக் காரின் ஸ்டியரிங் மாதிரி.

“அம்மா! உள்ள மாட்டிக்கிட்டோம்! வெளியிலேர்ந்து திறங்க!”

கதவில், கண் உயரத்தில், வெளியே பார்ப்பதற்கான வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் கண் வைத்தான். படிக்கட்டு விளக்கு அணைந்திருக்க வேண்டும். மையிருட்டு.

“போன்?”

“படியிறங்கும்போதே சிக்னல் போச்சு.”

டக். டக். டக்.

அவள் மெல்லத் திரும்பினாள். பிரஷ் கையிலேயே இருந்தது.

“என்னங்க… சத்தம் கதவுலேர்ந்து வரல.”

மாடலின் பாய்லருக்குள்ளிருந்து வந்தது.

“எலியா இருக்கும்” என்றான் லென்ஸ். அவன் குரலை அவனே நம்பவில்லை.

டார்ச்சை எடுத்தான். ஊசி முனையால் நெருப்பறைக் கதவை நெம்பித் திறந்து, அந்தப் பொத்தான் அளவு துளைக்குள் வெளிச்சம் அடித்தான்.

“ஏதாவது தெரியுதா?”

“இரு, இரு…”

அவள் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தாள்.

“அங்க பாருங்க. கதவை.”

இரும்புக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“யாரோ வந்துட்டாங்க!” என்றான் லென்ஸ்.

“டார்ச்சை ஆட்டுங்க” என்றாள் அவள், ரகசியமாக.

லென்ஸ் டார்ச்சை இடப்பக்கம் சாய்த்தான். கதவு வழியாக வந்த ஒளி சுவரில் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்த்தான். அதுவும் வந்தது. அணைத்தான்.

அணைந்தது.

தலைக்கு மேல் வளைந்து இறங்கும் கூரையை, உருண்டு இறங்கும் சுவரை, அவள் இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். சுவரில் வரிசையாகப் புடைத்திருந்தவை சுண்ணாம்புக் கட்டிகள் இல்லை. ஆணித் தலைகள். ஒவ்வொன்றும் தட்டு அளவு.

“நாம எங்கங்க இருக்கோம்?”

லென்ஸ் சுத்தியலை எடுத்துக் கதவின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தான்.

மேஜை மேல், மாடலுக்குள், யாரோ ஒரு சின்ன அடி அடித்தார்கள்.

டக்.

அப்போது வட்டக் கண்ணாடி சிவந்தது.

முதலில் ஒரு பொட்டு மாதிரி. பிறகு வட்டம் முழுக்க. மாடலின் நெருப்பறைத் துளையிலும் அதே சிவப்பு. நிலக்கரி பற்றும் வாசனை, கந்தக நெடியோடு, தரையிலிருந்து கிளம்பியது. அவள் செருப்பின் அடிப்பாகம் தரையில் ஒட்டிக்கொண்டு, காலை எடுத்தபோது பிசின் மாதிரி இழுத்தது.

“தீ மூட்டிட்டாங்க” என்றான் லென்ஸ்.

“யாரு?”

“யாரா இருந்தா என்ன? பலகை இல்லைன்னா உள்ள ஆள் இல்லைன்னுதானே அர்த்தம். நான்தான் எடுத்தேன்.”

அவன் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினான். தகடு கிடைத்தது. வெறும் பித்தளை. சிவப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. தின்னர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

“எழுதிடறேன்” என்றாள் அவள். “தள்ளுங்க.”

தகட்டை மேஜையில் வைத்தாள்; மேஜையே கொதித்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சிவப்பை ஒரே இழுப்பில் பூசினாள். அது பூசிய கையோடு காய்ந்தது. வெள்ளை டப்பாவைத் திறந்தால், மேலே ஆடை கட்டியிருந்தது. குத்திக் கிழித்து பிரஷ்ஷை நனைத்தாள். பிரஷ் நுனிக்கு வருவதற்குள் பெயிண்ட் இறுகியது.

பின்னால் லென்ஸ் இருமினான். இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கப் போய், கையைச் சுட்டுக்கொண்டு, மண்டியிட்டான்.

“சீக்கிரம், எழுத்து. சும்மாவா சம்பளம்?”

“வாயை மூடிக்கிட்டு மூச்சைப் பிடிங்க!”

பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆ’ போட்டாள். ‘ள்’ளின் புள்ளியை மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். வியர்வை தகட்டில் விழாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதினாள். கண்ணுக்குள் வெப்பம் குத்தியது. ஓரத்தில் அவன் மூச்சு விசில் மாதிரி கேட்டது. பிறகு விசிலும் மெலிந்தது.

கடைசி எழுத்து. முடிந்தது.

“இடுக்கியைக் கொடுங்க, மாட்டிடறேன்.”

இடுக்கி லென்ஸ் கையில் இருந்தது. அவன் தகட்டை அவள் உள்ளங்கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

“நான் மாட்டறேன்.”

“உங்க கை நடுங்குது, கொடுங்க!”

“எழுதறது உன் வேலை, மாட்டறது என் வேலை. என் தொழில்ல கை வைக்காதே.” சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது. எம்பி, மேஜையைப் பற்றி, நெம்புகோலில் வளையத்தைக் கோத்தான்.

பல்பு அணைந்தது.

சிவப்பு அணைந்தது.

இருட்டில் ஏதோ பெருமூச்சு விட்டது. அறை முழுக்க ஒரே மூச்சு.

பிறகு காற்று, சில்லென்று. கதவு ஒரு விரற்கடை திறந்து கிடந்தது.

அவள் யோசிக்கவில்லை. இருட்டில் அவன் கையைத் துழாவிப் பிடித்து இழுத்தாள். அவன் தடுமாறி எழுந்தான். படியேறினார்கள். முன்வாசலைத் தாண்டி வெளியே வந்து, மத்தியான வெயிலில், வீட்டுப் படியிலேயே இருவரும் விழுந்தார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். அவன் முகம், கை, மார்பு என்று எல்லா இடத்தையும் தொட்டுப் பார்த்தாள். முழுசாக இருந்தான்.

“இனிமே போட்டோவுல இல்ல, கீட்டோவுல இல்லைன்னு வாயைத் திறந்தீங்க, நானே உங்களைக் கொளுத்திடுவேன்.”

வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராக. கண் கூசாமல்.

வாசலில் வைத்திருந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் அதை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேசாக நசுக்கினான், அது நெளிந்து சத்தம் போட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவளே திறந்து கொடுத்தாள்.

ஒரே மூச்சில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

“ரொம்ப நன்றிம்மா.”

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை கூட அவளுக்கு நன்றி சொன்னவன் இல்லை அவள் புருஷன்.

“என்னங்க இது, புது மரியாதை?”

“அந்தப் பலகையை எடுத்துவிட்ட தம்பி நல்லா இருக்கணும்.” குரல் அவனுடையதுதான். ஆனால் பேச்சில் ஒரு கிழவரின் நிதானம். எழுந்தான். முழங்காலில் கை ஊன்றி, மெல்ல, வயசானவர்கள் எழுந்திருப்பது போல. “அவரை ரொம்ப நேரம் விட்டு வைக்காதீங்கம்மா. உள்ள மூச்சு முட்டும்.”

கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.

படியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் காலையில் லென்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது.

உள்ள போறவன்தான் மாட்டணும்.

ஓடினாள். வாசல், கூடம், படி. போனின் வெளிச்சத்தில் அறைக்குள் பாய்ந்தாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சாத்திக்கொள்ளட்டும்.

பாய்லரின் மேல் காதை வைத்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது, உடம்பு மாதிரி.

டக். டக்.

“என்னங்க?”

கொசுவின் ரீங்காரம் அளவுக்கு, ரொம்ப தூரத்திலிருந்து, ஒரு குரல்.

“ஏ எழுத்து…”

இடுக்கியைத் தேடி எடுத்தாள். தகட்டின் வளையத்தை லேசாகத் தூக்கினாள். ஒரு நூல் அளவுதான்.

நெருப்பறையில் சிவப்பு பளிச்சென்று எழுந்தது. உள்ளே அவன் அலறினான்.

விட்டுவிட்டாள். சிவப்பு அடங்கியது.

அவன்தான் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டியவன் உள்ளே இருக்கிறான். அவள் எடுத்தால் தீ. எடுக்காவிட்டால் அவன் அங்கேயே.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதில் ‘உ’வின் வால் வழிவதைப் பார்த்தாள். தின்னரில் ஊறிய தகட்டில் பூசிய பெயிண்ட். அடியில் வெதுவெதுப்பு. எழுத்து இளகிக்கொண்டிருந்தது. எழுத்து போனால்?

உள்ளே கணகணவென்று ஒரு சிவப்புப் பொட்டு காத்துக்கொண்டிருந்தது.

பிரஷ்ஷை எடுத்தாள். வழிந்ததைத் துடைத்து, அதே இடத்தில் திரும்ப எழுதினாள். அதற்குள் ‘ஆ’ இளகியது. அதை எழுதினாள். அதற்குள் அடுத்தது.

கதவு கிரீச்சிட்டு, வெளியிலிருந்து திறந்தது. வாசற்படியிலேயே நின்றபடி வீட்டுக்கார அம்மா. கையில் மடக்கிய குடை. முகம் ஒரு தினுசாக இருந்தது, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத மாதிரி.

“வேலை முடியலையாம்மா? உங்க வீட்டுக்காரரைத் தெருமுனையில பார்த்தேன். வீடு வீடாப் பார்த்துக்கிட்டு நின்னார். என்னைப் பார்த்ததும் அவர் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. கிட்ட வந்து என் தலையில கை வச்சு, ‘சுண்டெலி, எவ்வளவு வளந்துட்டே’ங்கிறார்! எனக்கு அறுபத்து மூணு வயசும்மா!”

அவள் நிமிரவில்லை. பிரஷ் நகர்ந்துகொண்டிருந்தது.

“அந்தப் பேரு அவருக்கு எப்படித் தெரியும்? எங்கப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப, ஒரு நாள் இந்த ரூமுக்கு வேலை செய்ய இறங்கினவர். வெளிய வந்ததை யாரும் பார்க்கல.” அந்த அம்மா குடையின் கைப்பிடியைப் பிசைந்தார். “உங்க வீட்டுக்காரர் யாரும்மா? அவரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா? நான் கேக்கணும்.”

“அவர் இங்கதான் இருக்கார்” என்றாள் அவள்.

வீட்டுக்கார அம்மா வெறும் அறையைச் சுற்றிலும் பார்த்தார்.

டக். டக். டக்.

“யாரும்மா தட்டறது?”

அவள் பிரஷ்ஷை மறுபடி நனைத்தாள். தகட்டில் முதல் எழுத்து வழியத் தொடங்கியிருந்தது.